இடக்கைச் சுற்று

கிண்ணியாவில் கோழி களவெடுக்கப் போகிறவன்கூட ஸல்ஹாவைப்போல அவ்வளவு பக்குவமாக நடந்திருக்க மாட்டான். சுபஹு தொழுத கையோடு குசினிக் கதவை ஓசைப்படாமல் நீக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வளவுத் தகர வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு விட்டிருந்த இடைவெளியால் அடுத்த வளவுக்குள் இறங்குவாள். வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர், சொந்த வேலி, செய்யப்போவதும் இடியப்பம் அவிக்கிற வேலைதான். ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த வேலையை அவள் விட்டுவிட்டாள் என்று வீட்டில் ஒரு ஆள் நம்பிக்கொண்டிருந்தது.

அந்த ஆள் அவளுடைய ஒரே மகள் ஷிஃபானா. பாலத்துக்கு அப்பால், நகரத்து ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த தாதி.

அடுத்த வளவில் றகுமத்தும்மா அடுப்பை மூட்டி, கொதிதண்ணி வைத்துக் காத்திருப்பாள். ஸல்ஹாவைவிட ஆறேழு வயது மூத்தவள், வாய் மட்டும் இன்னும் இருபது வயது மூத்தது.

"மெதுவா வா கா. நாய் குலைச்சு ஊரைக் கூட்டப் போகுது. புள்ள எழும்பிட்டாவா?"

"குளிக்கிறா. ராத்தாவோட ஓதப் போறன் எண்டு சொல்லிட்டு வந்தனான்."

"ஒவ்வொரு நாளும் ஓதப் போறியா? இந்தக் கணக்குக்கு நீ இப்ப ஆலிமாவா வந்திருக்கணும்."

"அதுக்குத்தான் ராத்தா, புழியக்குள்ள யாஸீன் ஓதுறன். ஓதுறதும் நடக்குது, புழியிறதும் நடக்குது. பொய்யில பாதி கழிஞ்சிடும்."

"மத்தப் பாதி?"

"அத அல்லா பாத்துக்குவான்."

உண்மையிலேயே ஓதிக்கொண்டுதான் பிழிவாள். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணியை ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, சூடு ஆறுமுன்னே பிழிகிற உரலுக்குள் திணித்துத் தட்டுகளில் வட்டம் வட்டமாகச் சுற்றுவாள். சூடான கச்சான் காற்று வீசுகிற மாதம். தகரக் கூரைக்குக் கீழே விடியுமுன்னரே உடம்பு வேர்த்துவிடும். ஒன்றரை மணித்தியாலத்தில் முந்நூறு இடியப்பம். கடைக்கார நஸ்ரி மோட்டார் சைக்கிளில் வந்து பெட்டியோடு கட்டிக்கொண்டு போவான்.

ஸல்ஹாவின் இடியப்பத்தில் ஒரு விசேஷம் உண்டு. அவள் இடக்கைக்காரி. சின்ன வயதில் உம்மா அடித்தும் அதட்டியும் சாப்பாட்டை வலக்கைக்கு மாற்றிவிட்டாள். எழுத்தையும் மாற்றிவிட்டார்கள், அதனால் எழுத்து அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் உரல் மட்டும் கடைசிவரை மாறவில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் எந்தப் பக்கமாகச் சுற்றுவார்களோ அதற்கு நேர்மாறாகத்தான் அவள் கை சுற்றும். தட்டில் கிடக்கிற இடியப்பத்தைப் பார்த்தால் நூலெல்லாம் மறுபக்கம் திரும்பிக் கிடக்கும். ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. தின்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அதைக் கவனிப்பதும் இல்லை.

இனி அந்தக் களவு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும்.

ஸல்ஹாவின் புருஷன் தாஹிர் கொட்டியாரக் குடாவில் சின்னத் தோணியில் வலை போடுகிறவர். நல்ல மனிதர். மீன் அவருக்குக் கொஞ்சமாகவும் கதை நிறையவும் படும். உடம்பில் சீனி வருத்தம் வந்த பிறகு கடலுக்குப் போகிற நாளும் குறைந்துவிட்டது. பதினேழு வருடம் அந்த வீடு நின்றது இடியப்பத்தில். வளவின் முன்பக்கத்தில் ஷிஃபானாவுக்கென்று ஒரு வீடும் அரைச் சுவரில் நின்றது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கிற ஊர் அது. அந்த அரைச் சுவரும் இடியப்பம்தான்.

பயிற்சியின் இரண்டாம் வருடம் ஷிஃபானா எரிகாயக்காரர்களின் வாட்டில் நின்றுவிட்டு லீவில் வந்தாள். உம்மாவின் இடக் கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உம்மா, இது ஒரு நாள் காயம் இல்ல. பழைய காயத்துக்கு மேல புதுக் காயம், அதுக்கு மேல இன்னொண்டு."

"ஆவி பட்டது மகள். ஆறிடும்."

"ஆற விட்டாத்தானே ஆறும். என்ட முதல் சம்பளம் வாற அண்டைக்கு நீங்க இந்த உரலைத் தூக்கி வெக்கணும். சத்தியம் பண்ணுங்க."

ஸல்ஹாவும் சிரித்துக்கொண்டு சத்தியம் பண்ணினாள். பிள்ளை அதை மறந்துவிடும் என்று நினைத்தாள். பிள்ளை மறக்கவில்லை. நியமனம் கிடைத்து, கடிதங்களெல்லாம் ஒழுங்காகி, இரண்டு மாதம் கழித்து முதல் சம்பளம் வந்தது. வந்த அன்றைக்கு ஷிஃபானா பலாமரத்தில் கடைந்த அந்தப் பழைய உரலைக் கழுவித் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினாள். தாஹிர் அயலுக்கெல்லாம் சொல்லி, கோழி அறுத்து நெய்ச்சோறு கொடுத்தார். பள்ளிவாசலடித் தேத்தண்ணிக் கடையில் போய் நின்று, "என்ட பொஞ்சாதி இனி இடியப்பம் அவிக்க மாட்டா. மகளுக்குக் கவர்மெண்ட் சம்பளம்" என்று அறிவித்துவிட்டும் வந்தார்.

வந்தவர்களெல்லாம் போன பிறகுதான் சம்பளத் துண்டைப் பார்த்தார்கள். ஷிஃபானா வாசிக்க, தாயும் தகப்பனும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது அடிப்படைச் சம்பளம். இது வாழ்க்கைச் செலவுப் படி. இதெல்லாம் வெட்டினது. இது தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம்."

"அது ஆருக்கு?" என்றார் தாஹிர்.

"நான் மௌத்தாகினா என்ட மாப்பிள்ளைக்கும் புள்ளைகளுக்கும் குடுக்கிறது வாப்பா."

"மாப்பிள்ளையே இன்னம் வரல்லயே மகள். வராத மனிசனுக்கு இப்பவே வெட்டுறானுகளா? வந்தாப்போல கேளு, அந்தக் காசு எங்கயெண்டு."

ஷிஃபானா சிரித்தாள். பிறகு கடைசி வரியை வாசித்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஸல்ஹாவுக்கு எழுத்து ஏறாதே தவிர கணக்கு விரல் நுனியில். பிள்ளை மாதம் முழுக்க நின்று கையில் வாங்கியது, தான் மா, விறகுச் செலவு போக ஒரு மாதத்தில் மிச்சம் பிடிப்பதைவிட ஆறாயிரம் குறைவு. இதை அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் உம்மாவின் வருமானம் என்னவென்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

"மூணு வருஷம் படிச்சனான்" என்றாள் ஷிஃபானா. "ஓவர்டைம் காசு வர இன்னம் ரெண்டு மூணு மாசம் செல்லுமாம். ஆரம்பச் சம்பளம் இவ்வளவுதானாம். வருஷம் போகப் போகத்தான் ஏறும்."

"ஏறட்டும். என்ன அவசரம்?" என்றாள் ஸல்ஹா.

"வாப்பாட மருந்து? கரண்ட் பில்? அந்தச் சுவர்? எங்கட வாட்டுல கஜந்தி ரியாத்துக்கு எழுதிப் போட்டுட்டா உம்மா. அங்க இதைப்போல அஞ்சு மடங்கு. இஞ்ச கவர்மெண்டோட எழுதின பிணையை முறிச்சாக் கட்டவேண்டிய காசை அங்க போய் உழைச்சுக் கட்டலாமாம்."

"உனக்குப் போக விருப்பமா?"

"விருப்பத்துக்கு ஆர் போறாங்க."

இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளை உடுப்பு போட்ட முதல் நாள் கண்ணாடிக்கு முன்னால் அரைமணி நின்ற பிள்ளை. வாட்டில் ஒரு கிழவர் தன்னை 'மகள்' என்று கூப்பிட்டதை ஒரு கிழமை சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளை. அந்த நிமிடம் ஸல்ஹாவின் வாயில் வந்ததுதான் பொய்.

"இந்தச் சம்பளம் போதும் மகள். நான் சீட்டுப் போட்டிருக்கன், அந்தக் காசு வருது. வாப்பாக்கும் இப்ப மீன் நல்லாப் படுது."

தனக்கு மீன் நல்லாகப் படுகிற செய்தியைத் தாஹிர் அப்போதுதான் கேள்விப்பட்டார். வாயைத் திறந்தவர் பெண்சாதியின் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஓம், பாரை எல்லாம் படுது" என்றார்.

"சரி. மூணு மாசம் பாப்பம்" என்றாள் ஷிஃபானா. "வீடு ஓடினா இருக்கிறன். ஓடாட்டிப் போறன்."

மூன்றே நாளில் வேலியில் அந்த இடைவெளி வந்தது.

மகள் பூட்டிய உரலை ஸல்ஹா தொடவில்லை. சத்தியம் சத்தியம்தான். றகுமத்தும்மாவிடம் ஒரு அலுமினிய உரல் இருந்தது. அதன் கண் பெரிது, நூல் தடிப்பாக விழும். பிடி சூடேறி உள்ளங்கையைச் சுடும். அதற்குத் துணி சுற்றிக்கொண்டாள். ஷிஃபானா காலை வேலைக்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள், ஆஸ்பத்திரிக் கன்டீனில்தான் காலைச் சாப்பாடு. வேலை மாறி வீட்டில் நிற்கிற நாளில் ஏழு மணிவரை தூங்குவாள். அதற்குள் ஸல்ஹா வேலியால் திரும்பி வந்து, கையைக் கழுவி, பிளேன்டித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்பாள்.

அந்தக் களவில் அவளுக்குப் பெரிய ஆபத்து தாஹிரின் வாய்தான். ஒரு நாள் மூன்று பேரும் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, "இண்டைக்கு முந்நூறும் போச்சா?" என்று கேட்டுவிட்டார். ஸல்ஹாவின் கை சோற்றில் நின்றது.

"என்ன முந்நூறு வாப்பா?" என்றாள் ஷிஃபானா.

"சூடை. முந்நூறு சூடை பட்டது. எல்லாம் வித்துப் போச்சாண்டு உம்மாட்டக் கேக்கிறன்."

"நீங்க பிடிச்ச மீனை உம்மாட்டக் கேக்கிறீங்களா?"

"பொம்புளையளுக்குத்தானே கணக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சொதியை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். ஷிஃபானாவும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எதற்காகக் குனிந்தாள் என்று ஸல்ஹா அன்றைக்கு யோசிக்கவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் ஸல்ஹாவுக்குக் காய்ச்சல் வந்தது. எழும்பப் பார்த்தாள், தலை சுற்றியது. "படு கா, நான் தனியா அவிச்சுக் குடுக்கிறன்" என்று வேலிக்கு மேலால் சொல்லிவிட்டுப் போனாள் றகுமத்தும்மா. ஷிஃபானா குளித்துவிட்டு, உம்மா வழக்கம்போலப் போய்விட்டாள் என்று நினைத்து வேலைக்குப் புறப்பட்டுவிட்டாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"உம்மா, என்ன செய்யுது? காய்ச்சலா?"

"ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. மனசுக்கு ஒரு மாதிரிப் பட்டிச்சு. மருந்து ஒண்டும் போடாதீங்க, நான் வந்து பாக்கிறன்."

வேலை முடிந்து, பஸ்ஸால் இறங்கி, உடுப்புக்கூட மாற்றாமல் வந்து நெற்றியில் கை வைத்தாள். இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கக் கொண்டுபோனாள். டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் சோறு தின்றாள். ஸல்ஹா குணமாகி ஒரு மாதம்வரை இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

"பெத்த புள்ள எண்டா அதுதான் ராத்தா. பாலத்துக்கு அங்கால நிண்டுகொண்டு எனக்குக் காய்ச்சல் எண்டு அவட மனசுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்கும் நாலு இருக்கு. பக்கத்து அறையில கிடந்தாலும் ஒண்டுக்கும் தெரியாது" என்றாள் றகுமத்தும்மா.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கஜந்தி வந்தாள். நகரத்துப் பக்கம் பாலையூற்றுப் பிள்ளை, மெல்லிய உடம்பு, நிறையக் கதை. புதன்கிழமை கொழும்பில் நேர்முகம். ஷிஃபானாவும் தன்னோடு வருகிறாளா என்று முடிவாகக் கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு இடம் பதியலாம் என்று வந்திருந்தாள். ஷிஃபானா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். ஸல்ஹா கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"மகள் வருவாவோ அன்ரி? உங்களுக்கு ஏதும் சொன்னவளோ?"

"எனக்குச் சொல்லல்ல புள்ள" என்றாள் ஸல்ஹா. மூன்று மாதமும் ஒரு நாள் பிசகாமல் வீடு ஓடியிருந்தது. இருந்தும் பிள்ளை ஒன்றும் சொல்லாமலே திரிந்தாள்.

"இவளின்ட மனம் ஒண்டும் எனக்கு விளங்குறேல்ல. சரியான விசர்ப் பழக்கமெல்லாம் இருக்கு அன்ரி. சொன்னாச் சிரிப்பீங்கள்."

"என்ன பழக்கம்?"

"எங்கட கன்டீனுக்குக் கிண்ணியாவில இருந்து இடியப்பம் வாறது. நஸ்ரி எண்டு ஒரு ஆள் மோட்டச் சைக்கிள்ல கொண்டு வருவார். இவள் பார்சலை அவிழ்த்தாலும் உடன சாப்பிட மாட்டாள். முதல்ல இடியப்பத்தை ஒண்டொண்டா விரிச்சு வைச்சு, நூல் எந்தப் பக்கம் சுத்திக் கிடக்கு எண்டு பாப்பாள். பாத்திட்டுத் தனக்குள்ள ஒரு சிரிப்பு. பிறகுதான் சாப்பாடு. ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான் அன்ரி."

ஸல்ஹா தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாள் மட்டும் சுத்து மாறிக் கிடந்தது. முகம் செத்துப் போச்சு. சாப்பாட்டை அப்பிடியே விட்டிட்டு வெளியில ஓடிப்போய் ஆருக்கோ போன் எடுத்தவள். ஆருக்கு எண்டு கேட்டா, ஒண்டுமில்லை எண்டிட்டாள்."

இடியப்பம் நகரத்துக்குப் போகிறது என்று நஸ்ரி ஒரு நாளும் சொன்னதில்லை. கிண்ணியாக் கடைகளுக்குத்தான் என்று ஸல்ஹா நினைத்திருந்தாள். அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. பிறகு வந்தது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்றாள். அடுப்பு அணைந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

ஷிஃபானா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். கஜந்தியும் அவளும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கதைத்தார்கள். கஜந்தி பஸ்ஸுக்குப் போன பிறகு தாயும் மகளும் குசினியில் தனியே நின்றார்கள்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கேட்டாள் ஸல்ஹா.

ஷிஃபானாவுக்கு எதைக் கேட்கிறாள் என்று உடனே விளங்கியது. "நீங்க துவங்கி அஞ்சாம் நாள்."

"எல்லாம் தெரிஞ்சிருந்துமா என்னைக் கள்ளி மாதிரி வேலியால நுழைய வெச்ச நீ?"

"ஓதப் போறன் எண்டு சொல்லக்குள்ள உங்கட முகத்தைப் பாக்கணுமே உம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமக் கிடக்கும். வாப்பாட சூடைக் கதைக்குச் செத்தே போனன்."

ஸல்ஹா சிரிக்கவில்லை. ஷிஃபானாவும் சிரிப்பை விட்டுவிட்டாள்.

"முதல் நாள் சிரிக்கல்ல. கன்டீன்ல இருந்து அழுத நான். என்ட சம்பளம் காணாதெண்டுதானே இந்த வேலை எண்டு. அண்டைக்கே ரியாத்துக்கு விண்ணப்பம் நிரப்பினன். நாளைக்குக் குடுப்பம் எண்டு வெச்சன். அடுத்த நாள் பாத்தா, திரும்பவும் உங்கட சுத்து. பாத்தவுடன ஒரு நிம்மதி. உம்மா எழும்பிட்டா, உம்மாக்கு ஒண்டுமில்ல எண்டு. அப்பிடியே நாளைக்கு நாளைக்கு எண்டு போச்சு."

"மறுகா என்ன நடந்த?"

"மறுகா ஒரு நாள் சுத்து மாறி வந்திச்சு. பஸ்ஸுல வந்து உங்கட நெத்தியில கை வெக்க எனக்கு முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலமும் எனக்கு உசிரு இல்ல உம்மா. ரியாத்தில இருந்தா? அங்க ஆரு எனக்கு இடியப்பம் கொண்டு வருவான்?"

ஸல்ஹா மகளின் ஈரத் தலையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"கஜந்திட்ட வரல்லண்டு சொல்லிட்டன்" என்றாள் ஷிஃபானா, உம்மாவின் தோளுக்குள்ளிருந்தே. "ஆனா ஒண்டு. சம்பளம் காணும் எண்டு இனி ரெண்டு பேரும் பொய் சொல்ல வேணாம். காணாது. ஓவர்டைம் இந்த மாசம் வந்திருக்கு, கொஞ்சம் ஏறும். மத்தது உங்கட இடியப்பம். ரெண்டும் சேந்துதான் இந்த வீடு ஓடினது."

"சத்தியம் பண்ணினனே மகள். உரலைத் தொட மாட்டன் எண்டு."

ஷிஃபானா உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைத் துணியோடு அந்தப் பலா உரலைக் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைத்தாள். மேலே மெல்லிய தூசு படிந்திருந்தது.

"தொடல்லண்டு தெரியும். றகுமத்தும்மாட உரலுக்குக் கண் பெரிசு. மூணு மாசமா அந்தத் தடிச்ச நூலைத் திண்டு எனக்குத் தொண்டை நோகுது. இனி இதுல அவிங்க, எங்கட குசினியில. கைக்கு நான் மருந்து தாறன், பூசணும். இருநூறுக்கு மேல ஏலாது. வெள்ளிக்கிழமை லீவு. கவர்மெண்ட்லயே லீவு தாறாங்க, உங்களுக்கு என்ன?"

"வெள்ளிக்கிழமைக்கு நஸ்ரி என்ன செய்வான்?"

"றகுமத்தும்மா அவிக்கட்டும். உங்களுக்குப் பதிலா அவ ஓதுவா."

அன்று பின்னேரம் கடலால் வந்த தாஹிரிடம் சங்கதியைச் சொன்னார்கள். அவர் கதிரையில் சாய்ந்து பெரிய மூச்சொன்று விட்டார். "அப்ப இனி எனக்குப் பாரை பட வேணாமா?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அந்த மனிதர் பட்ட கஷ்டம் அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது.

வேலியின் இடைவெளி அடைபட்டது. இரண்டு கிழமையில் அரைச் சுவருக்கு மேல் நாலு வரிக் கல் ஏறியது. ஸல்ஹா மருந்தும் பூசினாள், இருநூறோடு நிறுத்தியும் கொண்டாள், அல்லது இருநூற்றைம்பதோடு.

முதல் வெள்ளிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வளவைக் கூட்டினாள். கூட்டின வளவை இன்னொரு தரம் கூட்டினாள். பிறகு உண்மையாகவே யாஸீனை எடுத்து வைத்துக்கொண்டு ஓதினாள். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"உம்மா, சுத்து மாறிக் கிடக்கு."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை மகள்."

மறுபக்கத்தில் கன்டீனில் கோப்பைகள் தட்டுப்படுவது கேட்டது.

"தெரியும்" என்றாள் ஷிஃபானா. "சும்மாதான் எடுத்தனான்."

போனை வைத்துவிட்டு ஸல்ஹா கிணற்றடிக்குப் போய், பலா உரலைக் கழுவி, வெயில் விழுகிற பக்கமாகக் கவிழ்த்து வைத்தாள். நாளைக் காலைக்கு அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.